எந்தப் புட்டியில் நம் நிறம்?

நகைக்க வேண்டாம், தோழர்களே! ஐம்பது அகவையைக் கடந்துவிட்ட நாம், ஞாயிறுதோறும் பிற்பகலில், சாளரத்தின் ஓரமாக மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேல் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றையும் மாட்டிக்கொண்டு, விரல் உயரமே உள்ள போர்வீரப் பொம்மையின் சட்டைக்குப் பொத்தான் தீட்டிக்கொண்டிருக்கிறோம். எதிர் நாற்காலியில் பன்னிரண்டு வயது மகள். அவள் கையில் ஒரு தூரிகை. நம் கையில் ஒரு தூரிகை. இருவருக்கும் நடுவே வெள்ளைப் பீங்கான் ஓடு ஒன்று. அதன்மீது பத்து வண்ணப் புள்ளிகள்.

"மன்றத்திலே பேச வேண்டியவர், மக்களிடையே பணியாற்ற வேண்டியவர், பொம்மை வைத்து விளையாடலாமோ? அதிலும் துப்பாக்கி ஏந்திய பொம்மையா? போர் ஒழிக என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டுக்குள்ளே படை திரட்டுவது என்ன முறை?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உங்களுக்கு முன்பே, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அந்தக் கேள்வி நம் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்திருக்கிறது. தைத்தவர் நம் தந்தையார்.

1982ஆம் ஆண்டு. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையொன்றில் பணியாற்றிய மாமா, விடுப்பில் ஊர் திரும்பியபோது, நமக்கென ஒரு சிறு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே, ஓர் அங்குல உயரத்தில் மணல்நிற நெகிழிப் போர்வீரர்கள். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட ஆங்கிலேயரின் எட்டாவது இராணுவம் அது எனப் பெட்டி கூறிற்று. குட்டைக் காற்சட்டை, தட்டு போன்ற இரும்புத் தொப்பி, ஓடுபவன் ஒருவன், மண்டியிட்டவன் ஒருவன், தரையில் படுத்துக் குறிபார்ப்பவன் ஒருவன். கூடவே நான்கு சிறு தகரப் புட்டிகளில் எண்ணெய் வண்ணம். திறந்தால் டர்பண்டைன் நெடி வீடெங்கும் வீசும். அந்த நெடியே நமக்கு அந்நாளில் நறுமணம்! பள்ளி விட்டதும் பறந்து வருவோம். விளக்கு வைக்கும்வரை திண்ணையில் குனிந்தபடி தீட்டுவோம்.

அடுத்த ஆண்டு சூலைத் திங்கள் வந்தது. 1983 சூலை. கொழும்பிலே தமிழர் இல்லங்கள் எரிந்தன, கடைகள் எரிந்தன, வீதியிலே மனிதர் எரிந்தனர். வெலிக்கடைச் சிறைக்குள்ளே, பூட்டிய கதவுகளுக்குப் பின்னே, இரண்டு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். ஒவ்வொரு காலையும் செய்தித்தாள் ஓர் இழவோலையாய் வந்தது. அத்தகைய ஒரு காலையில், தந்தையார் தாளைப் படித்து முடித்து, மடிக்காமலே எடுத்துவந்து, வரிசையாக நிறுத்தி வைத்திருந்த நம் படைக்கு அருகில் விரித்து வைத்தார். அடிக்கவில்லை; அதட்டவில்லை. "படையைப் பொம்மையாக்கிப் பழகினால், தம்பி, பிணமும் ஒருநாள் பொம்மையாகத்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னார். அன்றே படை பிஸ்கட் டப்பாவுக்குள் புகுந்தது. பரண் ஏறியது. தூரிகை காய்ந்தது.

பிறகு எத்தனையோ ஆண்டுகள்! கல்லூரி, வேலை, திருமணம், இயக்கப் பணி, வீட்டுக் கடன். சென்ற ஆண்டு, பரணைத் துப்புரவு செய்த மகள் அந்த டப்பாவைக் கண்டெடுத்தாள். திறந்து பார்த்தால், நாற்பத்தொரு வீரர்கள். பாம்பு சட்டை உரித்தாற்போல வண்ணமெல்லாம் உரிந்து உதிர்ந்து கிடந்தன. நாற்பது ஆண்டுப் பிரிவினால் உள்ளம் நொந்து வண்ணம் கழற்றினரோ என்று கவிஞர் பாடக்கூடும். காரணம் எளிது: அவர்கள் பாலித்தீனால் ஆனவர்கள். மெழுகு போன்ற வழவழப்பும் வளையும் தன்மையும் உடைய அந்த நெகிழியில் எண்ணெய் வண்ணம் ஊறாது. மேலே படிந்து நிற்கும். பொம்மை வளையும்போது வண்ணம் வெடித்துவிடும். அச்சிலிருந்து பொம்மை எளிதாகப் பிரிந்துவர உதவும் எண்ணெய்ப் பசையும் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். தீட்டுமுன் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவி அடிப்பூச்சு பூசியிருக்க வேண்டும். பதினோரு வயதுச் சிறுவனுக்கு அதை யார் சொன்னார்கள்?

மகள் அவர்களைக் கொட்டி வரிசைப்படுத்தினாள். சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். "அப்பா, இவர்களில் இத்தனை பேருக்கு ஏன் ஒரே முகம்?" என்றாள்.

அச்சு, மகளே, அச்சு! இரும்பு அச்சின் இரு பாதிகளை இறுக்கி மூடி, உருக்கிய நெகிழியை உள்ளே அழுத்திச் செலுத்துவார்கள். குளிர்ந்ததும் திறந்தால் ஒரு கிளைநிறைய வீரர்கள். இந்தப் பெட்டியில் மண்டியிட்டவன் உலகின் எல்லாப் பெட்டிகளிலும் மண்டியிட்டே இருப்பான். ஒருவனைப் போலவே ஓராயிரவன்! தொழிற்சாலைக்கு அது சிக்கனம். இப்படி விளக்கிவிட்டோம், ஆனால் விளக்கிய நமக்கே அதற்குள் ஒரு வேறு பொருள் தெரியத் தொடங்கியது. தந்தையார் அன்று அஞ்சியது இதைத்தானே? முகம் வேறுபடாத மனிதக் கூட்டம் என்று ஒன்றைக் கண்ணுக்குப் பழக்கிவிட்டால், அதில் பத்துப் பேர் சாய்ந்தாலும் நூறு பேர் சாய்ந்தாலும் கணக்குத்தான் மாறும், கண் கலங்காது.

மகளோ, "நாமும் வண்ணம் தீட்டலாம், அப்பா" என்றாள். உடனே சரியென்று சொல்ல நாவெழவில்லை. ஒரு கிழமை தள்ளிப் போட்டோம். அந்த ஒரு கிழமையில், இந்தப் பொம்மைகளின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். பகுத்தறிவாளன் ஒன்றை ஏற்பதற்கும் தள்ளுவதற்கும் முன் ஆராய வேண்டாமா?

பதினெட்டாம் நூற்றாண்டில் செருமனியின் நியூரம்பெர்க் நகரத் தகரக் கொல்லர்கள் தட்டையான ஈய, வெள்ளீயப் போர்வீரர்களை வார்த்து விற்றனர். 1893இல் இலண்டனில் வில்லியம் பிரிட்டன் என்பார் உள்ளீடற்ற ஈயப் பொம்மை வார்க்கும் முறையைக் கண்டார். எடை குறைந்தது, விலையும் குறைந்தது, நடுத்தர வீட்டுச் சிறுவர்களின் தரையெங்கும் பேரரசின் படைகள் பரவின. 1913இல் எச். ஜி. வெல்சு என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர், அறிவியல் புதினங்கள் படைத்தவர், சமதர்மக் கொள்கையர், 'லிட்டில் வார்சு' என்றொரு நூலை வெளியிட்டார். ஈய வீரர்களையும் மரக்குண்டு எய்யும் சிறு விசைப் பீரங்கிகளையும் கொண்டு வீட்டுத் தரையில் போர் ஆடுவதற்கான விதிகள் அதில் உள்ளன. போர்வெறி வளர்க்கவா எழுதினார்? இல்லை. உண்மைப் போர் எவ்வளவு மடமை, எவ்வளவு அழிவு என்பதைப் பொம்மைப் போருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்த ஆண்டே, 1914இல், உண்மைப் போர் வெடித்தது. நூல் போரை மூட்டவுமில்லை, போரைத் தடுக்கவுமில்லை.

வேறு இரண்டு தந்தையரைப் பாருங்கள். இருவரும் நம்மைப்போல் மக்களைப் பெற்றவர்கள். ஒருவர் ரண்டால்ஃபு சர்ச்சில் பிரபு. அவர் மகன் வின்சுடனிடம் ஏறத்தாழ 1,500 பொம்மை வீரர்கள் இருந்தனர். ஒருநாள் மகனின் படை அணிவகுப்பைத் தந்தை நெடுநேரம் நோக்கினார்; பிறகு, படையில் சேர விருப்பமா என்று கேட்டார். சேர்வேன் என்றான் சிறுவன். தன் போர்த்திறனைத் தந்தை கண்டுகொண்டார் என அவன் பல்லாண்டு மகிழ்ந்திருந்தான். வழக்கறிஞராகும் அளவுக்கு அறிவில்லாதவன் என்று எண்ணியே தந்தை அப்படிக் கேட்டார் என்பது பின்னரே தெரிந்ததாம். 1930இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே இதை எழுதியிருக்கிறார். அந்தச் சிறுவன் வளர்ந்து பேரரசின் தலைமை அமைச்சரானார். 1943இல் வங்கத்தில் இலக்கக்கணக்கான மக்கள் பசியால் மடிந்தபோது, இலண்டனில் ஆட்சிபீடத்தில் இருந்தவரும் அவரே.

மற்றொருவர், யார்க்சயர் மலைச்சரிவில் ஹாவொர்த் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பேட்ரிக் பிரான்டி. 1826 சூனில் லீட்சு நகரிலிருந்து மகனுக்கென 12 மர வீரர்களை வாங்கி வந்தார். மகனுக்கு மட்டும் என்றுதான் வாங்கினார். ஆனால் விடிந்ததும் மகள்கள் மூவரும் ஓடிவந்து ஆளுக்கொரு வீரனைக் கைப்பற்றிக்கொண்டு பெயரும் சூட்டிவிட்டனர்! அந்த மர வீரர்களுக்கு வாழ்வும் நாடும் கற்பித்து, உள்ளங்கைக்குள் அடங்கும் சிற்றேடுகளில் கதைகதையாய் எழுதினர். அந்தப் பயிற்சியில் வளர்ந்த சார்லெட்டு 'ஜேன் அயர்' எழுதினார். எமிலி 'உதரிங் ஹைட்சு' எழுதினார். இரண்டும் 1847இல் வெளிவந்தன. பெண் எழுத்தாளரைத் தப்பெண்ணத்தோடு நோக்கிய காலம். ஆண்பெயர் போன்ற புனைபெயர்களில்தான் அவை வந்தன.

ஒரே பொம்மை. ஒரு வீட்டில் எண்ணிக்கையாய் நின்றது. மற்றொரு வீட்டில் ஆளுக்கொரு பெயர் பெற்றது. இது நம் உள்ளத்தில் பட்டது. அடுத்த ஞாயிறு, மகளோடு மேசையில் அமர்ந்தோம்.

காலம் மாறியிருந்தது. இப்போது டர்பண்டைன் வேண்டாம். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணங்கள் கிடைக்கின்றன. ஈயம் கலந்த பொம்மையும் ஈயம் கலந்த வண்ணமும் குழந்தையின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு என்பதை அறிவியல் ஐயமறக் காட்டிவிட்டது. பிரிட்டன் நிறுவனம் 1966இல் ஈயப் பொம்மை வார்ப்பதை நிறுத்தியது. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலக்கத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்னும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே புட்டியின் மேலுள்ள சீட்டைப் படித்த பிறகே மகளின் கையில் கொடுத்தோம்.

கைதான் மாறியிருந்தது! அன்று கண்ணிமைக்கும் நேரத்தில் தொப்பி தீட்டிய கை, இன்று நடுங்குகிறது. மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றி, மூச்சை அடக்கி, தூரிகை நுனியைத் தொட வைத்தால் வண்ணம் கழுத்துப் பட்டைக்குப் போகிறது. மகள் நகைத்தாள். இருவரும் சேர்ந்தே கற்றோம். கெட்டியாக ஒருமுறை பூசாதே. நீர்த்து மூன்றுமுறை பூசு. நீர்த்த கரும்பழுப்பை மேலே ஓடவிட்டால், அது சட்டை மடிப்பின் பள்ளங்களில் தங்கி நிழலாகும். வண்ணம் ஏறக்குறைய வற்றிய தூரிகையால் மேடுகளை மெல்ல வருடினால், ஒளி விழுந்ததுபோலாகும். அறிவுரை வழங்கிப் பழகிய தந்தைக்கு, மகளோடு சமமாய்ப் பிழைசெய்து அமர்ந்திருப்பது எத்தகைய மருந்து என்பதை, பிள்ளை பெற்ற தோழர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

மூன்றாம் ஞாயிறு. சட்டை முடிந்தது, காலணி முடிந்தது, முகம் எஞ்சியது. வாங்கிவந்த புட்டிகளில் ஒன்றின்மீது, ஆங்கிலத்தில், 'சதை' என்று பொறித்திருந்தது. சதை நிறமாம்! மகள் திறந்தாள். வெளிறிய இளஞ்சிவப்பு. தன் புறங்கையின் பக்கத்தில் புட்டியை வைத்துப் பார்த்தாள். நம் கையை இழுத்து அதன் பக்கத்திலும் வைத்துப் பார்த்தாள். "இது யார் சதை, அப்பா? நம் நிறம் எந்தப் புட்டியில் இருக்கிறது?" என்று கேட்டாள்.

தோழர்களே! சுயமரியாதைக் குடும்பத்தில் பிறந்தோம். கருப்பே அழகு என்று பேசினோம். சிவந்த நிற மணமகள் தேவை என்னும் விளம்பரங்களைக் கிழித்துக் கட்டுரை தீட்டினோம். ஆனால் 1982இல், அந்தத் திண்ணையில், அதே பெயருடைய தகரப் புட்டியைத் திறந்து நாற்பத்தொரு முகங்களுக்கும் அதே இளஞ்சிவப்பைப் பூசியபோது, இந்தக் கேள்வி நமக்குத் தோன்றவே இல்லை! ஒருமுறைகூடத் தோன்றவில்லை. மனிதச் சதையின் நிறம் இதுவென்று வெள்ளையன் புட்டியில் எழுதினான்; கறுத்த விரலால் மூடியைத் திருகித் திறந்து, 'ஆம்' என்று ஒப்புக்கொண்டோம். அடிமை மனம் என்பது காலில் விழுவதில் மட்டுமா இருக்கிறது?

அமெரிக்காவில் கிரயோலா வண்ணக்குச்சிப் பெட்டியிலும் 'சதை' என்ற பெயருடைய குச்சி இருந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் ஓங்கிய நாளில், 1962இல், அந்தப் பெயரை நீக்கி, 'பீச்' என்னும் பழத்தின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். குச்சி அதேதான், நிறம் அதேதான். ஒரே ஒரு பெயர் மாறியதும், கறுப்புக் குழந்தை ஒன்று 'நான் மனிதச் சதை இல்லையோ?' என ஏங்கும் நிலை ஒழிந்தது. பெயரில் என்ன இருக்கிறது என்பாருக்கு இது விடை.

மகளின் வினா அத்தோடு நிற்கவில்லை. "இந்தப் படையில் நம்மவர் எவரும் இல்லையா?" என்றாள். பெட்டியைப் பார்த்தால், இல்லை. வரலாற்றைப் பார்த்தால், இருக்கிறார்கள்! எட்டாவது இராணுவத்தில் நான்காவது இந்தியப் படைப்பிரிவு பாலைவனத்தில் போரிட்டது. இரண்டாம் உலகப் போரில் 25 இலக்கத்துக்கும் மேற்பட்ட இந்தியர் படையில் பணியாற்றினர். ஏறத்தாழ 87,000 பேர் மாண்டனர். ஆனால் நம் டப்பாவுக்குள் இருந்த எட்டாவது இராணுவத்தில் அவர்களில் ஒருவருக்கும் முகமில்லை.

பொம்மை அச்சுக்கு முன்னரே, மனிதருக்கே ஓர் அச்சு செய்து வைத்திருந்தார்கள் ஆங்கிலேயர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தலைமை தாங்கிய இராபர்ட்சு என்னும் தளபதி, வடமேற்கு மக்களே போர்க்குடியினர், தெற்கத்தியர் போர்க்குணம் இழந்தவர் என்று கருதினார். தமிழரும் தெலுங்கரும் நிறைந்த சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் சிறிது சிறிதாகக் கலைக்கப்பட்டன. சில, வடவரைக் கொண்டு நிரப்பப்பட்டன. வீரம் பிறப்பால் வருவதாம்! அறிவு பிறப்பால் வரும் என்ற மனுவின் குரலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அங்கே முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன். இங்கே மலையில் பிறந்தவன், சமவெளியில் பிறந்தவன். அச்சு மாறியது, அநீதி மாறவில்லை.

ஒழியாமல் நின்றது, 1780இல் தோன்றிய மதராசு சாப்பர்கள் என்னும் பொறியாளர் படை. பாலம் அமைப்போர், பாதை அமைப்போர், கண்ணிவெடி அகற்றுவோர். படையினரிடையே அவர்களுக்கு வழங்கும் செல்லப்பெயர் என்ன தெரியுமா? 'தம்பி'! அண்ணா மடல்தோறும் நம்மை விளித்த அதே சொல்.

அந்தத் தம்பிகளில் ஒருவர் சுபேதார் சுப்பிரமணியன்; அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர். 1944 பிப்ரவரி 24. இத்தாலியில் மிஞ்ஞானோ என்னும் இடம். கண்ணிவெடி புதைத்த நிலத்தில் தம் குழுவினருடன் வழி திறந்துகொண்டிருந்தார். ஒரு வெடி மிதிபட்டது. அது வெடிக்கச் சில விநாடிகளே இருந்தன. ஓடலாம், தரையில் வீழ்ந்து தம்மைக் காத்துக்கொள்ளலாம். அவரோ அந்த வெடியின்மீதே பாய்ந்து வீழ்ந்து, தம் உடலால் மூடினார். அவர் மாண்டார், அவரது தோழர்கள் உயிர் பிழைத்தனர். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராசு விருது வழங்கப்பட்டது.

"அயலானின் பேரரசுக்காகச் செத்தவரைப் போற்றுவதா?" என்ற ஐயம் நமக்கும் எழுந்தது. அந்தப் போர் அவர் கேட்ட போரன்று. அந்தக் கொடி அவர் ஏற்றிய கொடியன்று. ஆனால் அந்தச் சில விநாடிகளில் அவர் நினைவில் பேரரசா இருந்திருக்கும்? பக்கத்தில் நின்றவன்தான் இருந்திருப்பான். மேலுலகம் கிட்டும் என்று புராணிகர் ஆசைகாட்டத் தேவையில்லாமலே, மனிதன் மனிதனுக்காக உயிர் கொடுப்பான் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மகள் முடிவு செய்துவிட்டாள்: "அவரைச் செய்வோம்." பெரிய அளவுப் பொம்மை ஒன்றை, 54 மில்லிமீட்டர் உயரம், அஞ்சலில் வரவழைத்தோம். அதுவும் பாலைவன வீரன், குட்டைக் காற்சட்டை. இத்தாலியின் மாரிக்காலத்தில் குட்டைக் காற்சட்டையா? குழாய்க் கசிவை அடைக்க வீட்டில் வைத்திருக்கும் எம்-சீல் பசையைப் பிசைந்து, காலில் அப்பி, ஊசியால் மடிப்புக் கீறி, நீண்ட கம்பளிக் காற்சட்டை ஆக்கினோம். பிறகு, கையிலிருந்த துப்பாக்கியைக் கத்தியால் அரிந்து எடுத்தோம். அதனிடத்தில் ஒரு கம்பி. கம்பியின் முனையில், மகளின் பழைய சட்டையிலிருந்து எடுத்த ஒரு பொத்தான். அதுதான் கண்ணிவெடி காட்டும் கருவி. போலந்து நாட்டுப் பொறியாளர் யூசெஃப் கோசாட்சுகி வகுத்த அத்தகைய கருவிகளில் 500, 1942இல் எல் அலமைன் போர்க்களத்திற்கு அனுப்பப்பட்டன. தன் நாட்டை இழந்து அகதியாய் வந்த ஒருவரின் மூளை, எத்தனையோ நாட்டவரின் கால்களைக் காத்தது. அறிவுக்கு நாடேது, குலமேது!

இனி, நிறம். எந்தப் புட்டியிலும் இல்லாத நிறத்தைக் கலந்தே ஆகவேண்டும். கரும்பழுப்பில் காவியும் சிறிது சிவப்பும் சேர்த்தோம், செங்கல் போலாயிற்று. நீலம் ஒரு துளி சேர்த்தோம், உயிர் வந்தது. கன்ன மேட்டிலும் மூக்கு நுனியிலும் ஒளி காட்ட வெள்ளையைச் சேர்த்தோம். சாம்பல் பூசியவர்போல் ஆகிவிட்டார்! கறுத்த தோலின் ஒளி வெள்ளையிலிருந்து வருவதில்லை என்று அன்று கற்றோம். காவியையும் செம்மஞ்சளையும் கூட்டினால்தான் அது ஒளிர்கிறது. ஆனாலும் எது சரியான நிறம் என்று யாரைப் பார்த்து முடிவு செய்வது?

மகள் எழுந்தாள். பீங்கான் ஓட்டைத் தூக்கிக்கொண்டு நேரே தாத்தாவின் நாற்காலிக்குப் போனாள். எண்பத்தாறு வயது தந்தையார். வெயிலில் நின்று கூட்டம் கேட்டும், கொடிக்கம்பம் நட்டும், சிறை சென்றும் கறுத்த கை. "தாத்தா, கையை நீட்டுங்கள். அசையக்கூடாது" என்றாள். எதற்கென்று கேட்டார். சொன்னாள். நாம் வாசற்படியில் நின்றோம். நாற்பதாண்டு முள் நெஞ்சில் அசைந்தது. அவர் நம்மை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டினார். அரை மணி நேரம் அசையாமல் நீட்டியபடியே இருந்தார். அவள் கலந்து கலந்து ஒப்பிட்டு, நரம்பு புடைத்த அந்தப் புறங்கையின் நிறத்தை ஓட்டில் பிடித்துவிட்டாள்.

இரண்டு ஞாயிறு கழித்து, முடிந்த உருவத்தை அவர் முன் வைத்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"துப்பாக்கி எங்கே, அம்மா?"

"எடுத்துவிட்டோம், தாத்தா. இவர் வெடியைத் தேடி எடுப்பவர்."

கதை முழுவதையும் அவளே சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் நம் பக்கம் திரும்பினார். "பொம்மையைப் பற்றி அன்று சொன்னேனே, அதை இன்றும் மாற்றிக்கொள்ள மாட்டேன். கடைக்குக் கடை துப்பாக்கி தொங்குகிறது. வாங்கிக் கொடுப்பவன் தகப்பன் அல்லன்." சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "ஆனால் இது பொம்மை இல்லை, தம்பி. இது ஆள்."

அந்த ஆள் இப்போது நம் நூலடுக்கில் நிற்கிறார். வந்த உறவினர் ஒருவர், "உங்கள் வீட்டிலும் கொலுவா?" என்று நகைத்தார். நகைக்கட்டும். அங்கே மேற்படி உண்டு, கீழ்ப்படி உண்டு. இங்கே படியே இல்லை.

தந்தையாரின் அச்சம் தவறென்று நாம் இன்றும் சொல்லமாட்டோம். முகமில்லாத கூட்டமாய் மனிதரைப் பார்க்கப் பழகிய கண்கள்தாம் 1983இல் கொழும்பின் வீதிகளில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடின. அந்தக் கண்ணைத் திருத்துவதற்குப் பொம்மையை மறைத்தால் மட்டும் போதாது என்பதே நாம் கண்டது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இவன் யார், இவன் நிறம் என்ன, இவனை இங்கே அனுப்பியவர் யார், இவனுக்காக வீட்டில் காத்திருந்தவர் யார் என்று கேட்கப் பழக்க வேண்டும். இளந்தோழர்களே, நாளை நீங்களும் தந்தையாவீர்கள், தாயாவீர்கள். உங்கள் குழந்தை ஒரு புட்டியை நீட்டிக் கேள்வி கேட்கும். விடை தெரியாவிட்டால் வெட்கப்படாதீர்கள். சேர்ந்து உட்கார்ந்து கலந்து பாருங்கள்.

டப்பாவில் இன்னும் நாற்பத்தொரு பேர் இருக்கிறார்கள். சோப்பு நீரில் ஊறிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் வேறு வேறு முகம் வேண்டுமாம், மகளின் கட்டளை. ஞாயிறு வரட்டும்.